இதயச் செயலிழப்பில் சத்து மாத்திரைகள்: எது உதவும், எது கெடுக்கும்

ஃபுரோசமைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரைகள் சிறுநீரோடு பொட்டாசியம், மெக்னீசியம், தயமின் (வைட்டமின் பி1) மூன்றையும் வெளியேற்றும். அதற்காகப் பொட்டாசியத்தைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. அதே நோயாளி இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோனோ ராமிப்ரிலோ எடுத்தால் பொட்டாசியம் உடலிலேயே தங்கும், ரத்தத்தில் அது லிட்டருக்கு 5.5 மில்லிமோலைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பெரும்பாலும் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடுதான். பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

உண்மையில் தேடிப் பார்க்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைபாடு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்குக் கீழே, அல்லது 100 முதல் 299 வரை இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவூட்டம் (இரும்பைச் சுமக்கும் புரதத்தில் இரும்பு நிரம்பிய பங்கு) 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைபாடுதான். இதற்கு இரும்பு மாத்திரை அவ்வளவாகப் பலிப்பதில்லை. குடல் போதிய அளவு உறிஞ்சாது. 2017-இல் வெளியான அயர்ன்அவுட் ஆய்வில் 16 வாரம் தினம் இருவேளை 150 மி.கி. கொடுத்தும் உடல்திறன் கூடவில்லை. இதயத்தின் பம்பு வலு குறைந்தவர்களுக்கு இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதே பயன் தருகிறது.

வைட்டமின் ஈ 400 யூனிட் வேண்டவே வேண்டாம்: 2005-இல் வெளியான ஹோப் நீட்சி ஆய்வில் அதை எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடியது. தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் ஒன்றுக்கே சில நூறு மி.கி. சோடியம் இருக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், அதன் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே இருக்கலாம் என்பதால், மல்டிவைட்டமின் அட்டையில் அது உண்டா என்று பார்த்து, மருத்துவரிடம் சொன்ன பிறகே தொடங்கட்டும்.