வாசலில் நின்ற செருப்பு

காரைக்குடியில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்க ஆரம்பித்து 16 வருஷம் ஆகிறது. முதுகுவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கீழ்முதுகில்தான் கோளாறு. அடுத்தபடி கழுத்து. இரண்டுக்கும் நடுவே, விலா எலும்புகள் வந்து சேர்கிற 12 முள்ளெலும்புகளுக்குள், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கித் தொந்தரவு கொடுப்பது அபூர்வம். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது என்று படித்திருந்தேன். அந்த நினைப்பில்தான் ஒருவருடைய 11 நாளை வீணாக்கினேன்.

அந்த அண்ணன் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்கிறவர். வயது 54. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார். கை நடுங்கினால் நிறம் கலந்துவிடும். முதல் நாள் வந்தபோது, “டாக்டரம்மா, வயித்தச் சுத்திக் கயிறு போட்டு இறுக்குற மாதிரியே இருக்கும்மா” என்றார். அதற்கு முன்பே வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தாயிற்று. நெஞ்சுவலியோ என்று ஈ.சி.ஜி., பித்தப்பையில் கல்லோ என்று வயிற்று ஸ்கேன், எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றுமில்லை. நானும் தசைப்பிடிப்பு என்று முடிவு கட்டி ஒத்தடம் கொடுத்தேன், கரண்ட் வைத்தேன்.

என் கிளினிக் ஒரு பழைய வீட்டின் முகப்பில் இருக்கிறது. வாசலில் உயரமான மூன்று படி. 11ஆம் நாள் அவர் இறங்கிப் போகும்போது இடதுகால் ரப்பர் செருப்பு நடுப்படியிலேயே நின்றுவிட்டது. சித்திரை வெயிலில் கொதிக்கிற தெருவில் வெறுங்காலோடு நாலைந்து எட்டு போய்விட்டார். அவருக்குத் தெரியவே இல்லை. பின்னால் வந்த அவர் மனைவி செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டே, “இப்பல்லாம் இப்படித்தாம்மா, எங்க கழலுதுன்னே தெரிய மாட்டேங்குது” என்றார்.

திரும்பக் கூப்பிட்டுப் படுக்க வைத்தேன். வண்டிச் சாவியின் முனையால் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தேன். கட்டைவிரல் மெதுவாக மேலே எழும்பியது, மற்ற விரல்கள் விசிறி மாதிரி விரிந்தன. பெரியவர்களுக்கு அது கீழே மடங்க வேண்டும். 1896இல் பாபின்ஸ்கி என்கிற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த அடையாளம் இது: மூளையிலிருந்து காலுக்கு வருகிற பாதையில் எங்கோ கோளாறு. முழங்காலைச் சுத்தியலால் தட்டினால் கால் உதறிக்கொண்டு எழுந்தது. கீழ்முதுகு டிஸ்க் நரம்பை அழுத்தினால் அந்தத் துள்ளல் குறையும், இங்கே நேர்மாறாக இருந்தது. “ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியுதாண்ணே?” என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். மொத்தமும் மூன்று நிமிஷ வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

எம்.ஆர்.ஐ.யில் அந்த 12 முள்ளெலும்புகளில் 9ஆவதுக்கும் 10ஆவதுக்கும் நடுவிலிருந்த டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. சி.டி.யில் பார்த்தால் அதில் சுண்ணாம்பு ஏறிக் கல்லாக இறுகியிருந்தது. பிதுங்கிய மேல்முதுகு டிஸ்க்குகள் இப்படி இறுகிப்போவது சகஜம்தான். ஆனால் ஸ்கேனில் பிதுக்கம் தெரிகிற எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. 1995இல் முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாத 90 பேரை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில் 37 சதவீதம் பேருக்கு மேல்முதுகில் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இந்த அண்ணன் விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது கால்கள்.

மதுரைக்கு அனுப்பினோம். “சின்ன ஓட்டை போட்டுப் பண்றதுதானே, ரெண்டு நாள்ல வந்துரலாம்” என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அறுவை நிபுணர் அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். கீழ்முதுகில் நரம்பைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்யலாம். தண்டுவடத்தை அப்படித் தொட்டு நகர்த்த முடியாது. அந்தக் காலத்தில் முதுகுப்பக்கமே திறந்து எடுத்தபோது பலருக்குக் கால் விழுந்துபோனது. அதனால்தான் பக்கவாட்டில் போக ஆரம்பித்தார்கள். 1990களில் நெஞ்சுக்குள் கேமரா விட்டும், பிறகு விலாவுக்கு நடுவே குழாய் செருகியும் செய்கிற முறைகள் வந்தன. வெட்டு சிறியதாவதால் தசையும் விலாவும் அதிகம் சேதப்படாது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். உள்ளே நடக்கிற வேலை மட்டும் துளியும் சின்னதில்லை.

அனுமதி வாங்கி ஓர் ஓரமாக நின்று பார்த்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் கத்தியை எடுக்கவில்லை, எண்ண ஆரம்பித்தார்கள். மேல்முதுகில் எலும்புகள் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று தவறினால் நல்ல டிஸ்க்கை எடுத்துவிடுவார்கள். எக்ஸ்ரேயில் கீழிருந்து மேலே எண்ணினார்கள், பிறகு விலா எலும்பை வைத்து மேலிருந்து கீழே. இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகுதான் வெட்டு, மூன்று விரல் அகலம் இருக்கும். ஒரு டெக்னீஷியன் காலுக்குப் போகிற சிக்னலின் அலைகளைக் கணினியில் பார்த்தபடியே இருந்தார். கல்லான டிஸ்க்கை நேராகப் பிடித்து இழுக்கவில்லை. அதற்கு முன்பக்கம் எலும்பில் வைரத்தூள் பதித்த துரப்பணத்தால் ஒரு குழி தோண்டி, தண்டுவடத்திலிருந்து விலக்கி, துணுக்குத் துணுக்காக அந்தக் குழிக்குள் இறக்கினார்கள். நடுவில் ஒருமுறை அலை சுருங்கியது. டெக்னீஷியன் குரல் கொடுத்ததும் எல்லாக் கையும் அப்படியே நின்றது. மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினார். அலை பழைய உயரத்துக்குத் திரும்பும்வரை யாரும் பேசவில்லை.

இரண்டாம் நாள் நடந்தார். அப்புறம்தான் என் வேலை. கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உணருகிற பழக்கத்தை அவர் மறுபடி கற்க வேண்டியிருந்தது. கிளினிக்கின் வளவில் பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல்தான். வரிசையில் ஒரு பூ விட்டு ஒரு பூவில் காலை வைத்து நடக்கச் சொன்னேன். முதல் வாரம் கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். “இந்தப் பச்சை சரியா விழல டாக்டரம்மா” என்று நடுவில் நின்றுவிடுவார். மூன்றாம் வாரம் சுவரைப் பார்த்தபடி நடந்தார். செய்த வேலைதான் இதற்குக் காரணமா என்று ஒருநாள் கேட்டார். பெரும்பாலும் வயதோடு வருகிற தேய்மானம்தான், வேலை மேல் பழி போட என்னால் முடியாது என்றேன். அச்சைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இடதுகாலில் விறைப்பு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. குளிர்நாளில் அந்தக் கயிறு லேசாக இறுக்குகிறதாம். போன வாரம் போகும்போது அதே நடுப்படியில் செருப்பு மறுபடி கழன்றது. அண்ணன் நின்றார். குனிந்து பார்க்காமல் காலைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவி, விரலிடுக்கில் வாரை மாட்டிக்கொண்டார்.

“தெரிஞ்சுதும்மா” என்றார்.