பானைக்கு இரண்டாவது வாய்

மலேசியாவின் கோலசிலாங்கூரில் பொங்கல் பானை செய்யும் மாமாவுக்கு இந்த முறை வேறு வேலை கொடுத்தேன். உடு. நைஜீரியாவின் இக்போ பெண்கள் தண்ணீர்ப் பானையின் பக்கவாட்டில் இன்னொரு துளை வைத்து வாசிக்கும் கருவி. துளையை உள்ளங்கையால் அடித்து மூடித் திறந்தால், உள்ளே இருக்கும் காற்று ‘டூம்’ என்று அடிக்குரலில் பேசும்.

“ஓட்டைப் பானைக்கா தம்பி இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று சிரித்தார். ஆனாலும் சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

துளை போடும் நேரம்தான் சூட்சுமம். மண் ஈரமாக இருந்தால் கத்தி பட்டதும் பானையின் வயிறு உள்வாங்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் விரிசல். விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது, நகம் மட்டும் பதிய வேண்டும், அந்தப் பதம். வட்டமாக அறுத்து, ஓரத்தை ஈரத்துணியால் வழித்துவிட்டார். இல்லாவிட்டால் சுட்ட பிறகு வாசிப்பவர் கையைக் கிழித்துவிடும்.

கடம் கதையே வேறு. மானாமதுரை மண்பாண்டங்கள் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றவை; அந்த ஊர்க் கடத்தில் நாதம் பெரும்பாலும் சுவரிலிருந்து வருகிறது. அதனால்தான் அத்தனை கனம். அடுப்புக்கென்று செய்த மெல்லிய பானையில் அந்த விரலடி அடித்தால் ஓடுதான் மிஞ்சும். உடுவுக்குப் பரவாயில்லை, அதில் வேலை செய்வது காற்று.

இந்த மழையில் காயவே நாளாகும், அப்புறம்தான் சூளை. உறுமி மேளப் பையன்கள் இப்போதே கேட்கிறார்கள். ஊர்வலத்துக்குத் தரமாட்டேன், அந்தச் சத்தத்தில் இது கேட்கவே கேட்காது. வீட்டுப் பஜனை என்றால் சரி, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.