வளையத்தை எங்கே தொடுகிறோம்?

மைக்ரோஸ்ட்ரிப் வளையம் (சர்க்யூட் போர்டின் மேல் செம்புத் தடத்தால் ஆன, சில அதிர்வெண்களில் மட்டும் ஒத்ததிரும் வளையம்) செய்து அளக்கும் ஆய்வகங்களில் ஓயாமல் கேட்கும் புகார், "கணக்குப் போட்ட இடத்தில் பீக் வரவில்லை, போர்டு சரியில்லை" என்பது. மதுரைக் கடைகளில் தரவுத்தாள் இல்லாமல் வாங்கும் எஃப்ஆர்4 என்ற கண்ணாடியிழைப் போர்டின் மேல் பழி போடுவது சுலபம். அதற்கு முன் கோணமானியை எடுத்து ஃபீடுகளின், அதாவது சிக்னலை வளையத்துக்குள் செலுத்தும், வெளியே எடுக்கும் தடங்களின், கோணத்தை அளந்துவிட வேண்டும்.

1.6 மி.மீ. எஃப்ஆர்4, 3 மி.மீ. தடம், சராசரி ஆரம் 30 மி.மீ. என்றால் சுற்றளவு 188.5 மி.மீ. பயனுறு மின்காப்பு எண் (போர்டும் காற்றும் சேர்ந்து அலையை எவ்வளவு மெதுவாக்குகின்றன என்பதைக் காட்டும் எண்) 3.33 என்று கொண்டால், வளையத்தில் ஒரு முழு அலை பொருந்துவது சுமார் 872 மெகாஹெர்ட்ஸில். இரண்டு அலைகள் 1744-லும் மூன்று 2616-லும் பொருந்தும். இந்த எண்களுக்குப் பொறுப்பு சுற்றளவுதான். இவற்றில் எது வெளியே தெரியும் என்பதுதான் ஃபீடின் கையில் இருக்கிறது.

மதுரைக் கோயிலைச் சுற்றி ஓடும் மாசி வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு மாசி வீதியிலிருந்து ஒருவர் வடக்கே சுற்றியும் இன்னொருவர் தெற்கே சுற்றியும் போனால், மேற்கு மாசி வீதியில் ஒரே நேரத்தில் சேர்வார்கள். ஃபீடுகள் 180 பாகையில் எதிரெதிரே இருந்தால் நடப்பது இதுதான்: எல்லா முறைகளும், அதாவது ஒன்று, இரண்டு, மூன்று என முழு அலைகள் பொருந்தும் நிலைகள் எல்லாம், தெரியும். வெளியீட்டை வடக்கு மாசி வீதிக்கு, அதாவது 90 பாகைக்கு, மாற்றினால் 872-இல் ஒரு வழி கால் அலை, மறு வழி முக்கால் அலை. வித்தியாசம் அரை அலை (2616-இல் ஒன்றரை அலை) என்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். 872-ம் 2616-ம் காணாமல் போக, 1744 மட்டும் கம்பீரமாக நிற்கும். 135 பாகையில் வைத்தால் நிலைமை தலைகீழ்: 1744 மறைந்து மற்ற இரண்டும் தெரியும்.

90 பாகையில் தெரிந்த 1744-ஐ முதல் முறை என்று எடுத்துக்கொண்டு மின்காப்பு எண்ணைத் திரும்பக் கணக்கிட்டால் 0.83 வரும். காற்றுக்கே 1. அந்த விடையைப் பார்த்த பிறகும் போர்டைத் திட்டுகிறவர்கள் உண்டு.

30 மி.மீ. ஆரத்தில் 1 பாகை என்பது அரை மி.மீ.தான். 90-க்குப் பதில் 88 ஆகிவிட்டால், மறைய வேண்டிய 872 பீக் தன் முழு உயரத்துக்கு 29 டெசிபல் கீழே தலை காட்டும். கையால் வரைந்த போர்டில் இந்தப் பிழை சகஜம்.

ஃபீடை நகர்த்தியதும் பீக் சில மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போனால், பெரும்பாலும் குற்றவாளி ஃபீடுக்கும் வளையத்துக்கும் நடுவே விடும் இடைவெளிதான். செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் அதிக நேரம் கிடந்த செம்பு பக்கவாட்டிலும் அரிக்கப்பட்டு, 0.2 மி.மீ. இடைவெளி அகன்றுவிடும். பீக்கிலேயே 20 டெசிபலாவது இழப்பு இருக்கும்படி இடைவெளி விட்டால், அளக்கும் க்யூ (பீக்கின் கூர்மையைச் சொல்லும் எண்; இழப்பு கூடினால் குறையும்) வளையத்தின் சொந்த க்யூவில் 90 சதவீதம் இருக்கும். இடைவெளியைக் குறைத்துப் பீக்கை உயர்த்துவது பார்வைக்கு அழகு, அளவைக்குக் கெடுதல்.

வளையத்தின் மேல் ஒட்டிய ஈயச் சொட்டு இன்னொரு தொல்லை. ஃபீடிலிருந்து 45 பாகை தள்ளி இருந்தால் முதல் முறை அருகருகே இரண்டு அதிர்வெண்களாகப் பிரியும். 1972-இல் வோல்ஃப் என்ற பொறியாளர் இதையே பயன்படுத்தி வடிகட்டி செய்தார். எஃப்ஆர்4-இல் மின்காப்பு இழப்பால் மட்டுமே க்யூ 55 அளவில் நின்றுவிடுவதால், 16 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்த பிரிவு இரண்டு பீக்காகத் தெரியாது. ஒரே பீக் பருத்த மாதிரி இருக்கும், இழப்பு கூடிவிட்டது என்று தோன்றும்.

90 பாகை ஃபீடு உள்ள வளையத்தைச் சோதிக்க, இரு ஃபீடுகளுக்கும் நடுவே வளையத்தின் மேல் சிறு எஃப்ஆர்4 துண்டு ஒன்றை வைத்தால் போதும். ஈயச் சொட்டைப் போல அதுவும் வளையத்தின் சமச்சீரைக் குலைப்பதால், மறைந்திருந்த 872 எழுந்து வரும்.