ரிச்சர்ட்ஸ் பேயில் ஒரு பகல்: காண்டாமிருகமும் ஜூலு மாட்டுப் பட்டியும்

பிப்ரவரி 10, 2025, திங்கள், இரவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனை விட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. விடிந்தால் ரிச்சர்ட்ஸ் பே. அறைக்கு வந்த தாளில் காட்டு விலங்குகள் ஒரு சுற்றுலா, இங்குள்ள ஜூலு மக்களின் கிராமம் இன்னொரு சுற்றுலா என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். கடைசி வரியில் இரண்டும் சேர்ந்த முழுநாள் பயணம் ஒன்று இருந்தது. அதையே எடுத்துவிட்டோம். அப்பா கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். "காண்டாமிருகத்தையும் பார்க்கணும்மா, இவங்க மாட்டையும் பார்க்கணும்" என்று அப்போதே முடிவாகச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய், மாலை

கால் வலிக்கிறது, ஆனால் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ரிச்சர்ட்ஸ் பே சுற்றுலாவுக்காகக் கட்டிய துறைமுகம் இல்லை. உள்நாட்டுச் சுரங்கங்களில் இருந்து ரயிலில் வரும் நிலக்கரியைக் கப்பலேற்ற 1976இல் திறந்தது. மேல்தளத்தில் நின்றால் கரி மலைகள்தான் கண்ணில் படுகின்றன. குடியேற்றச் சோதனை முடிந்து பேருந்தில் ஏற நேரமாகிவிட்டது. நகரம் தாண்டியதும் தைலமரத் தோப்புகள், அப்புறம் கரும்பு, மறுபடியும் தைலமரம். 1860இல் மதராஸில் இருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கிய நம்மவர்களும் டர்பன் இருந்த நேட்டால் காலனியின் கரும்புக்காகத்தான் கொண்டுவரப்பட்டார்கள். அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார், ஒன்றும் பேசவில்லை.

முட்டுபாட்டுபா என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் சாலையின் இருபுறமும் வீடுகள், மேயும் மாடுகள், பள்ளிப் பிள்ளைகள். விலங்குப் பூங்காவின் வேலிக்குப் பக்கம் வரை ஜனங்கள் வாழ்கிறார்கள். நியாலாசி வாயிலில் பேருந்தை விட்டு இறங்கி, பக்கங்கள் திறந்த சஃபாரி வண்டிக்கு மாறினோம்.

ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்கா சுமார் 96,000 ஹெக்டேர். 1895இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. அதற்கும் முன்னால் இது ஜூலு மன்னர்களின் வேட்டைக்காடு. கறுப்பு இம்ஃபொலோசியும் வெள்ளை இம்ஃபொலோசியும் ஆகிய இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் மன்னன் ஷாகாவின் ஆட்கள் குழி தோண்டி விலங்குகளை அதில் விரட்டி வீழ்த்தினார்கள் என்று வழிகாட்டி சொன்னார். வழிகாட்டியும் ஜூலுதான், வேலிக்கு வெளியே இருக்கும் ஒரு கிராமத்துக்காரர்.

இது அவர்களுக்கு மழைக்காலம். புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. பசுமை அழகுதான், ஆனால் விலங்குகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. இம்பாலா, வரிக்குதிரை, தூரத்தில் மூன்று ஒட்டகச்சிவிங்கி, சேற்றில் கிடந்த காட்டெருமைகள். சிங்கம் தென்படவில்லை. பின் இருக்கையில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குறையே இல்லை, ஏனென்றால் ஒரு வளைவில் திரும்பியதும் வெள்ளைக் காண்டாமிருகம் நின்றது. தாயும் குட்டியும். குட்டி முன்னால் நடக்க, தாய் பின்னால் வந்தது. கறுப்பு இனத்தில் குட்டி தாய்க்குப் பின்னால் போகுமாம்.

வண்டியை நிறுத்தியதும் புல்லைப் பறிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு பக்கம். அகலமான உதடு தரையோடு தரையாக நகர்கிறது. முதுகில் சிவப்பு அலகுள்ள உண்ணிக்கொத்திகள் காதுக்குள் வரை போய்க் கொத்துகின்றன. மூக்குக்கு மேலே கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக ஒரு மேடு. மேற்பரப்பு வெளிறிய சாம்பல் நிறம், ஓரங்கள் அராவி மழுக்கியிருக்கிறார்கள்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பாதான் கையைப் பிடித்து விளக்கினார். "வலிக்காதும்மா. அது நம்ம நகம் மாதிரி கெரட்டின். வளர்ற அடிப்பகுதியை விட்டுட்டு மேலே அறுத்தா, மாட்டுக்குக் குளம்பு சீவுற மாதிரிதான். மயக்க மருந்து கொடுக்கிறதிலதான் ஆபத்து." கொம்பு மறுபடி வளரும், ஒன்றரை, இரண்டு வருடத்தில் திரும்பப் பிடித்து அறுக்க வேண்டும்.

ஏன் இதைச் செய்கிறார்கள் என்பதற்கு வழிகாட்டி எண்களைச் சொன்னார். 2023இல் தென்னாப்பிரிக்கா முழுவதிலும் கொம்புக்காக நடக்கும் கள்ளவேட்டையில் இறந்த காண்டாமிருகங்கள் 499. அதில் 307 இந்த ஒரே பூங்காவில். அதனால்தான் 2024 ஏப்ரலில் கொம்பு அறுக்கத் தொடங்கினார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகில் எஞ்சியிருந்த தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்கள் சில பத்துகள்தான். அவை எல்லாமே இங்கே இருந்தன. 1960களில் வனவிலங்குப் பாதுகாவலர் இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, வேறு காடுகளுக்கும் மிருகக்காட்சி சாலைகளுக்கும் அனுப்பி இனத்தைப் பெருக்கினார்கள். இன்று எங்கே இந்த விலங்கைப் பார்த்தாலும் அதன் பூர்வீகம் இந்த மேடு பள்ளங்கள்தான். அப்படிப்பட்ட தாய்வீட்டிலேயே கொம்பை அறுத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தவறு என்று நான் சொல்ல மாட்டேன், உயிர்தான் முக்கியம். ஆனாலும் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாடு பொட்டலம். அப்புறம் ஜூலு கிராமம். பார்வையாளர்களுக்காகக் கட்டியது, யாரும் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. ஆனால் கட்டிய முறை பழைய முறை. நடுவில் வட்டமாக மாட்டுப் பட்டி. அதைச் சுற்றிப் புல் வேய்ந்த குடில்கள். வாசலுக்கு நேர் எதிரே குடும்பத்தின் பெரிய குடில். வாசல் மிகத் தாழ்வு, மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். பின்சுவரை ஒட்டிய இடம் முன்னோர்களுக்கு உரியது. தரை கறையான் புற்று மண்ணைக் கெட்டித்துச் சாணி மெழுகியது. இருட்டில் கையை வைத்தேன், குளிர்ச்சியாக, பளிங்காட்டம் இருந்தது.

பட்டிக்குள் அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டார். தானியத்தை அந்தக் காலத்தில் பட்டிக்கு அடியிலேயே குழி வெட்டிச் சேமித்தார்களாம். மேலே மாடு மிதித்து இறுகிய சாணமே மூடி. திருடன் வந்தாலும் குழி எங்கே என்று தெரியாது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசமும் மாடுதான். பதினொன்று என்பது வழக்கு, அதில் ஒன்று பெண்ணின் தாய்க்கு. இப்போது பலர் பணமாகவே கொடுக்கிறார்கள், ஆனாலும் பேச்சு மாட்டுக் கணக்கில்தான் நடக்கிறது.

சோளத்தில் காய்ச்சிய உம்கோம்போதி என்ற பீர் கறுப்பு மண் கலயத்தில் வந்தது. கொடுத்தவர் முதலில் தானே குடித்துக் காட்டிவிட்டு நீட்டினார். புளிப்பு, நல்ல கெட்டி. ஆட்டத்தில் இளைஞர்கள் காலைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறைந்தபோது உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றிருந்தபோது கப்பல் நேரம் என்று கிளப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 12, புதன், கடலில்

காலை உணவின்போது அப்பா நாகனாவைப் பற்றிச் சொன்னார். செட்சி ஈ கடித்து மாட்டுக்கு வருகிற நோய். நம் ஊரில் மாடு, குதிரை, ஒட்டகத்துக்கு வரும் சர்ராவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நோய்க்கிருமியைக் காட்டு விலங்குகள் சுமக்கின்றன என்று, வெள்ளைப் பண்ணையார்களின் நெருக்குதலில், சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அந்தக் காட்டிலும் அதைச் சுற்றியும் ஆயிரக்கணக்கில் விலங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். காண்டாமிருகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கடைசியில் ஈயை ஒழித்தது டிடிடி பூச்சிமருந்து.

மாடும் காடும் அங்கே ஒரே கதை. மன்னனின் வேட்டைக்காடு, வேலிக்கு வெளியே மேயும் மாடு, வேலிக்கு உள்ளே காவல் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே ஜனங்களுடையது. இரண்டு சீட்டாக விற்பது கப்பலின் வசதிக்கு. நேரமும் பணமும் இருந்தால் சேர்த்தே போங்கள். காலையில் காடு, பிற்பகலில் கிராமம் என்று இருக்கட்டும். வெயிலேறினால் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும்.

கிராம வாசலில் பெண்கள் தாங்களே கோத்த பாசிமணி விற்கிறார்கள். அட்டை எல்லோரிடமும் செல்லாது, சில்லறையாக ராண்ட் வைத்துக்கொள்ளுங்கள். நான் சிவப்பும் வெள்ளையும் கோத்த ஒரு பட்டை வாங்கினேன், பேரம் பேசவில்லை. அவ்வளவு பொடி மணிகளைக் கோக்க எத்தனை நாள் ஆகியிருக்குமோ.