டேங்கில் கிடந்த பயோடீசல்

எங்கள் எரிபொருள் லேபுக்கு வரும் பயோடீசல் சாம்பிள்களில் அதிகம் வேலை வைப்பவை மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தவைதான். அவசரத்துக்கு ஓடும் ஜெனரேட்டருக்காக நிரப்பி வைத்திருப்பார்கள், தேவையே வந்திருக்காது. ஃபில்டர் அடைத்த பிறகு பாட்டில் எங்களிடம் வரும், வாங்கியபோது கிடைத்த தரச் சான்றிதழோடு. "இதில் 9 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, அப்புறம் எப்படிக் கெட்டது?" என்பதுதான் முதல் கேள்வி.

அந்த 9 மணி நேரம் பொய்யில்லை. எண்ணெய் கெடாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அளக்கும் ரான்சிமேட் கருவியில் 3 கிராம் பயோடீசலை 110 டிகிரி செல்சியஸில் வைத்து, மணிக்கு 10 லிட்டர் வீதம் காற்றைச் செலுத்துகிறோம். எண்ணெய் சிதையத் தொடங்கியதும் ஃபார்மிக் அமிலம் போன்றவை ஆவியாகி வந்து, அடுத்த குடுவையில் இருக்கும் தூய நீரில் கரையும். நீரின் மின்கடத்துதிறன் ஏறும். திரையில் கோடு நெடுநேரம் படுத்தே போகும், பிறகு விறுவிறுவென்று மேலே வளையும். வளையும் வரை ஆன நேரம்தான் தூண்டல் காலம்; சான்றிதழில் உள்ள 9 மணி நேரம் அதுதான். ஐரோப்பாவின் இஎன் 14214 தரத்துக்கு அது குறைந்தது 8 மணி நேரம் இருக்க வேண்டும்; அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி6751 தரத்துக்கு 3 மணி நேரம் போதும். சான்றிதழில் இருப்பது சாம்பிள் எடுத்த அன்றைய நிலை. டேங்கில் ஊற்றிய நாளிலிருந்து அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி கரைந்துகொண்டே போகிறது.

எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது எந்த எண்ணெயிலிருந்து தயாரித்தது என்பதைப் பொறுத்தது. பயோடீசல் என்பதே எஸ்டர்கள் என்னும் மூலக்கூறுகளின் கலவை. அவற்றில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் எஸ்டரைவிட, இரண்டு உள்ள லினோலியிக் எஸ்டர் சுமார் 40 மடங்கும், மூன்று உள்ள லினோலெனிக் எஸ்டர் சுமார் 100 மடங்கும் வேகமாக ஆக்சிஜனோடு வினைபுரியும். பித்தளை வால்வோ செம்புக் குழாயோ இருந்தால் இன்னும் மோசம். அந்த உலோகங்கள் வினையைத் தூண்டிவிடும். பாதி காலியான டேங்கில் மேலே நிற்கும் காற்றும், அடியில் தங்கும் தண்ணீரும் தங்கள் பங்குக்குச் சேரும்.

பெராக்சைடு எண் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுதும் அறிக்கைகள் எனக்கு ஆற்றாமையைத் தருகின்றன. அந்த எண் காட்டுவது ஆக்சிஜன் ஏறும்போது முதலில் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகளின் அளவை; அவை நிலைத்து நிற்பதில்லை. உடைந்து ஆல்டிஹைடுகளாகவும் சிறு அமிலங்களாகவும் மாறும், சில ஒன்றோடொன்று பிணைந்து பசையாகும். அதனால் அந்த எண் ஏறிவிட்டுப் பிறகு இறங்கும். புது எண்ணெயிலும் குறைவாக இருக்கும், முழுக்கக் கெட்டதிலும் குறைவாக இருக்கலாம். மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை அடிக்கும் பாட்டிலில்கூட நல்ல பெராக்சைடு எண் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அமில எண்ணையும் பாகுத்தன்மையையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அமில எண் 0.50 தாண்டினால் இரண்டு தரங்களிலும் தேறாது.

நீண்ட காலச் சேமிப்பைப் பற்றிக் கேட்டால் நான் அதிகம் நம்புவது ஏஎஸ்டிஎம் டி4625 சோதனையைத்தான். 43 டிகிரியில், இருட்டில், காற்றுப் போக வழியுள்ள கண்ணாடிப் பாட்டில்களில் வாரக்கணக்கில் வைப்போம். அங்கே ஒரு வாரம் என்பது 21 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குச் சமம். பொறுமை வேண்டும், ஆனால் 110 டிகிரி சூட்டைவிட டேங்கின் நிலைக்கு இது நெருக்கமானது. கெடு முடிந்ததும் எண்ணெயை வடிகட்டி, தாளில் நிற்பதை எடை போடுவோம். அப்புறம் பாட்டிலின் உட்சுவர். கவிழ்த்தாலும் வராமல், தேன் நிறத்தில் மெல்லிய பிசினாக ஒட்டியிருக்கும். டொலுவீன், அசிட்டோன், மெத்தனால் கலவையால் கழுவித்தான் அதை எடுக்க வேண்டும்.

இந்தப் பசையில் ஒரு சிக்கல் உண்டு. தனி பயோடீசலில் கரைந்தே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதைச் சாதாரண டீசலோடு கலந்ததும் பிரிந்து வந்து ஃபில்டரில் போய் உட்காரும். 'கலக்கும் வரை சுத்தமாகத்தானே இருந்தது' என்று வாடிக்கையாளர்கள் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன்.

"இப்போது ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்தால் சரியாகுமா?" என்றும் கேட்பார்கள். டிபிஹெச்கியூ, பைரோகலால் போன்றவற்றை எண்ணெய் புதிதாக இருக்கும்போதே கலக்க வேண்டும். கெட்ட பிறகு சேர்த்தால் ரான்சிமேட் நேரம் கொஞ்சம் கூடலாம். ஏற்கெனவே உண்டான அமிலமும் பசையும் அப்படியேதான் இருக்கும்.