புது கிட்டார் செக்கிங்: 15வது ஃப்ரெட் தூக்கிட்டு நிக்குது
புதுசா வாங்குன ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) டைப் எலக்ட்ரிக் கிட்டார், பாக்க அவ்ளோ அழகு. பெயிண்ட்ல குறையே சொல்ல முடியாது, நெக் பாக்கெட்ல (நெக் பாடியில உக்கார்ற குழி) பேப்பர்கூட நுழையல, ரெண்டு ஈ ஸ்ட்ரிங்கும் ஓரத்துல இருந்து சமமா ஓடுது. முதல் ஃப்ரெட்ல (நெக்குல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கம்பி) கேப்போ (ஸ்ட்ரிங்க அமுக்கிப் பிடிக்கற க்ளிப்) போட்டு கடைசி ஃப்ரெட்ட அமுக்கிட்டு 8வதுகிட்ட ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டா 0.25 மிமீ, ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கற உயரம்) 17வதுல 1.6, எல்லாம் பக்கா. ஆனா ஹை ஈ-ல (மெல்லிசு ஸ்ட்ரிங்) 12வது ஃப்ரெட்ல ஒரு ஃபுல் பெண்ட் (ஸ்ட்ரிங்க பக்கவாட்டுல தள்ளி சுருதி ஏத்தறது) போட்டா நோட்டு பொட்டுன்னு செத்துடுது!

கடையில கேட்டா "ஆக்‌ஷன ஏத்துங்க சார், சரியாயிடும்"ங்கறாங்க. ஏத்துனா சரியாயிடும்தான், வாசிக்கற சுகம் போயிடுமே, அதுவா வைத்தியம்?

நெக்குக்குள்ள இருக்கற ட்ரஸ் ராட திருப்பி நெக்க நேராக்கிட்டு ஃப்ரெட் ராக்கர் (மூணு ஃப்ரெட் மேல வெச்சு ஆடுதான்னு பாக்கற நேரான தகடு) வெச்சேன். 14, 15, 16 மேல லோ ஈ பக்கம் அசையவே இல்ல, ஹை ஈ பக்கம் வந்ததும் டக் டக்னு ஆடுது. இங்கதான் நெறைய பேர் உடனே ஃபைல கையில எடுப்பாங்க, தயவுசெஞ்சு எடுக்காதீங்க. ஃப்ரெட்டே உயரமா, இல்ல ஸ்லாட்ல சரியா உக்காராம தூக்கிட்டு நிக்குதான்னு மொதல்ல தெரியணும். மரக்குச்சி முனையால 15வதோட ஓரத்த அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ராக்கர ஆட்டுனேன், ஆட்டம் நின்னுடுச்சு. குச்சிய எடுத்தா மறுபடி டக் டக். டார்ச் அடிச்சா ஃப்ரெட்டுக்கும் அடியில இருக்கற ரோஸ்வுட் பலகைக்கும் நடுவுல முடி மாதிரி ஒரு கருப்புக் கோடு. இத ராவிட்டா அடியில இருக்கற இடைவெளி அப்படியேதான் இருக்கும், பின்னாடி என்னைக்காவது அமுக்கி ஒட்டுனா பக்கத்து ஃப்ரெட்டவிட பள்ளமாயிடும், அப்பறம் ஃப்ரெட்டயே மாத்தணும்.

அதனால ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணியா ஓடற சூப்பர் க்ளூ (ஜெல் டைப் உள்ள இறங்காது) ஊசி முனையால விட்டு, நெக்கோட வளைவுக்கு ஏத்த 9.5 இஞ்ச் ரேடியஸ் கட்டை வெச்சு க்ளாம்ப் போட்டாச்சு.

அது காயற நேரத்துல எலக்ட்ரானிக்ஸ் பாத்தேன். ப்ரிட்ஜ் க்ரவுண்ட் மல்டிமீட்டர்ல பீப் அடிக்குது, பிக்கப் ஸ்விட்ச்ச 2, 4 பொசிஷன்ல (ரெண்டு பிக்கப் சேந்து வேலை செய்யற இடம்) வெச்சா ஹம் அடங்கிடுது, அப்ப நடு பிக்கப் ரிவர்ஸ் வவுண்டுதான் (காயில் எதிர் திசையில சுத்துனது), சந்தோஷம். கேவிட்டில (வயரிங் இருக்கற குழி) இரைச்சல தடுக்கற ஷீல்டிங் பெயிண்ட் மட்டும் சுத்தமா இல்ல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போறப்ப காப்பர் டேப்பும் ரெண்டு 250கே பாட்டும் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்கற கண்ட்ரோல்) வாங்கணும், இருக்கற டோன் பாட் இப்பவே கரகரங்குது. நட்டுல (நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் தங்கற சின்ன கட்டை) பி ஸ்லாட்டும் லேசா ஒசரம், அதுக்கு ஃபைல் செட் வெலையப் பாத்தா தலை சுத்துது, யார்கிட்டயாவது இரவல் கேக்கணும்.

க்ளாம்ப் நாளைக்குத்தான் எடுக்கப் போறேன். அதுக்கப்பறமும் பெண்ட்ல நோட்டு செத்தா அப்ப லெவலிங்கப் (எல்லா ஃப்ரெட்டையும் ஒரே உயரத்துக்கு ராவறது) பத்தி யோசிக்கலாம்.