நமக்கு எதிரான வாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்

ஒரு நிறுவனத்துக்காக வர்த்தகக் கொள்கை, அரசுத் தொடர்பைக் கவனிப்பது என்றதும் அமைச்சர்களோடு கைகுலுக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் நேரத்தில் பெரும்பகுதி சுங்கவரி அட்டவணைகளோடுதான் போனது. சுங்கத்தில் பொருட்களை வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். கோடில் உலக நாடுகளுக்குப் பொதுவானது 6 இலக்கங்கள்தான். ஒரு பொருளை எந்தக் கோடில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் வரியே மாறிவிடும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழக்கைத்தான் முதலில் சொல்வேன். 1996இல் கையெழுத்தான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் கணினி சார்ந்த பல பொருட்களுக்கு வரியை நீக்கியது. அப்புறம் அச்சு, ஸ்கேன், நகல், ஃபேக்ஸ் எல்லாம் ஒரே இயந்திரத்துக்குள் வந்துவிட்டன. இது பிரிண்டரா, நகல் இயந்திரமா? பிரிண்டர் என்றால் வரி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றில் சிலவற்றுக்கு வரி போட்டது. அமெரிக்கா, ஜப்பான், தைவான் மூன்றும் 2008இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. விசாரணைக் குழு 2010இல் அந்த வரிகள் ஒப்பந்தக் கடமைக்கு முரணானவை என்றது.

தீர்ப்பு வர ஆன அந்த இரண்டு வருடத்தில் சந்தையில் எத்தனை மாடல்கள் மாறியிருக்கும்! அதோடு, அங்கே வழக்குப் போட அரசுகளால் மட்டுமே முடியும். 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமர்வும் செயல்படவில்லை. அதனால் விதி வரைவாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வர்த்தகத்தைப் பாதிக்கக்கூடிய புதிய தொழில்நுட்ப விதிகளை, அதாவது ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கட்டாய விதிகளை, நாடுகள் முன்கூட்டியே உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். கருத்துச் சொல்லக் குறைந்தது 60 நாள் தரச் சொல்லிப் பரிந்துரையும் இருக்கிறது. அந்த அவகாசத்தில் அதிகாரிக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு பக்கம்: எந்தப் பிரிவு இடிக்கிறது, அதற்குப் பதில் என்ன வாசகம், மாற்றினால் யாருக்கு நஷ்டம்.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி நிறுவனத்துக்குள்ளேயே அழுத்தம் வரும். நான் எடுப்பதில்லை. அந்த அதிகாரி நாளைக்கு வேறு அமைச்சகங்களின் ஆட்கள் முன்னால் உட்காரப் போகிறார். அங்கே வரும் முதல் கேள்வியே அதுதான். பதில் இல்லாமல் அவர் தடுமாறினால் நம் கோரிக்கையும் அங்கேயே நின்றுவிடும். பதிலோடு போன அதிகாரிகள் அடுத்த வரைவு தயாராகும்போது தாங்களே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்: “இந்தப் பிரிவு நடைமுறைக்கு ஒத்துவருமா, பார்த்துச் சொல்லுங்களேன்.”